மன்னி சொன்ன அர்த்தங்கள்

நான் ஒரு திருடி. திருடியது நகையை அல்ல, சொற்களின் அர்த்தங்களை. யாரிடமிருந்து எடுத்தேனோ, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சாட்சியும் சொன்னேன். அது திருட்டைவிடக் கொடியது.

நீங்கள் சிரிக்கலாம். அர்த்தத்தை யாராவது திருட முடியுமா, அது எல்லோருக்கும் பொதுவானது அல்லவா... ஒரு வருடமாக நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆறுதல் கிடைக்கவில்லை.

பத்மநாபன் கோயிலுக்கு அருகே உள்ள ஸ்ரீவராகத்தில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் கணவரின் அண்ணன் மனைவி ராஜம். நான் மன்னி என்று கூப்பிடுவேன். பள்ளியோடு அவர் படிப்பு நின்றுவிட்டது. நான் எம்.காம்.; மகள் பிறக்கும்வரை பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். மன்னி இந்த வித்தியாசத்தை ஒருநாளும் நினைத்ததில்லை. நான் நினைத்தேன். தினமும் நினைத்தேன்.

மன்னி பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்தவர். அப்போது பரிசாகக் கிடைத்த சமஸ்கிருத-மலையாள அகராதி ஒன்று அவரிடம் உண்டு. அட்டை போய்விட்டது. பழைய தலையணை உறையில் சுற்றி அரிசி டப்பாவின் மேல் வைத்திருப்பார். குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் இரண்டு சொல் பார்த்துவிடலாம் என்பார். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கும் ருசியோடு அவர் அகராதி படிப்பார்.

அவர் விளக்குவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! என் மகள் வைஷு பாட்டு வகுப்பிலிருந்து வந்து ஆரோகணம், அவரோகணம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மன்னி சேனைக்கிழங்கு நறுக்கியபடியே சொன்னார்:

"அவரோகணம்னா எறங்கறது. அவதாரம்னாலும் எறங்கறதுதான், கேட்டியா. மேல் ஸ்தாயிலேர்ந்து ஸ்வரம் எறங்கி வரும். வைகுண்டத்துலேர்ந்து பெருமாள் எறங்கி வருவார். ரெண்டு பேருக்கும் மேலேயே இருக்க முடியல்லை."

"ஏன் முடியல்லை பெரியம்மா?"

"கீழே நீ இருக்கியே, அதான்."

பால் டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டேன். சிறு வயதில் எட்டு வருடம் பாட்டு கற்றவள் நான். அந்தச் சொற்கள் எனக்குப் பூஜை அறைப் பாத்திரங்கள் மாதிரி... துலக்கி வைப்பேன், கவிழ்த்து வைப்பேன். உள்ளே எதையாவது ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை.

இன்னொரு நாள் என் புதுச் சிவப்புப் புடவையின் சாயம் என் கணவரின் வெள்ளைச் சட்டையில் ஏறிவிட்டது. நான் பதறிக்கொண்டிருக்க, மன்னி சட்டையைக் கொடியில் உதறிப் போட்டார். "ராகம்னா சாயம்டீ. ஆசைன்னும் அர்த்தம். ரெண்டும் ஒட்டினா லேசுல போகாது. ஒன் ஆத்துக்காரனை இனிமே ராகமாலிகைன்னு கூப்பிடு."

வைஷு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத் தாண்டி அவரிடம்தான் ஓடுவாள். நான் நல்ல அம்மாதானா என்று இரவும் பகலும் கவலைப்படுகிறவளுக்கு அது எப்படி இருக்கும்? வியப்பு நிஜம். அதற்குள் ஒரு முள்ளும் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் இது வாக்குமூலமே அல்ல.

ஒரு பண்டிகை நாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். மன்னி வெண்கல உருளியின் அடியைச் சுரண்டி என் இலையில் போட்டார்.

"மிச்சத்துக்குத்தான் சேஷம்னு பேர். பிரளயத்துல எல்லாம் போனப்புறமும் போகாம நின்ன மிச்சம் ஆதிசேஷன். அந்த மிச்சத்துமேலதான் நம்ம பத்மநாபன் படுத்துண்டிருக்கார். நாம கடைசில ஒக்காந்து சாப்பிடறதுல கொறைச்சலொண்ணும் இல்லை, தெரியறதா? நெய் விட்டுக்கோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜனை மடத்தில், பாட்டு தொடங்குவதற்கு முன் யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்றார், பெண்கள் குழுவை நடத்தும் சாரதா மாமி. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்ததால் மன்னி வரவில்லை. நான் எழுந்தேன். சேஷனைப் பற்றிப் பேசினேன். உருளியைக்கூட விடவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இதெல்லாம் எங்கே படிச்சே மோளே?" என்று மாமி கேட்டார்.

"எங்க மன்னி சொன்னா." இந்த மூன்று சொற்கள் போதும். என் நாக்கில் இருந்தன, சத்தியமாக இருந்தன... நான் சொன்னது: "நானே யோசிச்சதுதான் மாமி."

ஏன் சொன்னேன்? வேலையை விட்ட பிறகு, ஒரு கூட்டம் என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அன்றுதான். இது காரணம். மன்னிப்பு ஆகாது.

அதன்பின் வாரம் முழுவதும் சமையலறையில் கேட்பதும் ஞாயிற்றுக்கிழமை மடத்தில் பேசுவதும் வழக்கமாயின. மூட்டுவலி என்று மன்னி பஜனைக்கு வருவதைக் குறைத்திருந்தார். அந்த வலிக்காக நான் உள்ளுக்குள் நிம்மதி அடைந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு, சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்கு ஸ்லோகமும் அதன் அர்த்தமும் சொல்லித்தர மடத்தில் வகுப்பு தொடங்கப்போவதாகப் பேச்சு வந்தது. மன்னியின் ஒரே மகன் படிப்புக்காகப் பெங்களூர் போயிருந்த நேரம். தோசை வார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்தக் கிளாஸ் எனக்குக் கெடைக்குமோடீ? நானாப் போய்க் கேக்க நாணமா இருக்கு. நீ மாமிகிட்ட ஒரு வாக்கு சொல்லேன்."

அந்த வீட்டில் அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் போனேன்.

நான் வாய் திறப்பதற்குள் மாமியே கேட்டார்: "ஒங்காத்து ராஜத்தைக் கிளாஸ் எடுக்கச் சொன்னா என்ன? அவளுக்கு ஸ்லோகமெல்லாம் வருமே."

மன்னி அந்த மடத்தில் ஒரு நாள் வாய் திறந்தால் போதும். இத்தனை நாள் கேட்ட பேச்சு யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"மன்னிக்கு எல்லாம் மனப்பாடம் மாமி," என்றேன். "அர்த்தம் கேட்டா சொல்ல வராது. குழந்தைகள் ஏதாவது கேட்டா பாவம், திண்டாடிப் போயிடுவா."

பாவம் என்றேன்! அவர்மேல் கரிசனம் போல...

"அப்போ நீயே எடு," என்றார் மாமி.

வீட்டுக்கு வந்து, என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மன்னி அடுப்பைச் சிறிதாக்கினார். "நல்லதாப் போச்சு. படிச்சவ எடுத்தாத்தான் செரியாகும்," என்றார். பிறகு அரிசி டப்பாவின் மேலிருந்த அகராதியை எடுத்து, தலையணை உறையோடு என் கையில் வைத்தார். "இனிமே இது ஒனக்குத்தான் வேணும்."

நான் திருநெல்வேலிக்காரி. மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதை அவர் மறந்துவிட்டாரா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது? வாங்கிக்கொண்டேன். என் அலமாரியில் இருக்கிறது. குக்கர் கூவும்போது மன்னி இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

போன மாதம் வகுப்புக்கு மன்னியே வந்தார். கடைசி வரிசையில், குழந்தைகளைக் கூட்டிவரும் அம்மாக்களோடு உட்கார்ந்தார். மடியில் ஒரு புது நோட்டு.

"நீங்க எதுக்கு மன்னி?" என்றேன்.

"கத்துக்கப்படாதோ?"

அன்று ஸ்வரங்களின் பெயர்கள். வாரம் முழுவதும் மன்னியிடம் கேட்கத் தைரியம் வராமல், நானே ஊகித்து வைத்திருந்தேன். "ஸ, அதாவது ஷட்ஜம். ஷட் என்றால் ஆறு. ஷட்ஜம் என்றால் ஆறாவது ஸ்வரம்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் விரல்விட்டு எண்ணினாள். "ஸ ஃபர்ஸ்ட் அல்லே டீச்சர்? பின்னே எப்படி ஆறாவது?"

"பழைய காலத்தில் வேறு வரிசையில் எண்ணுவார்கள்," என்றேன். பொய்யின்மேல் இன்னொரு பொய், அதுவும் குழந்தைகளிடம்.

வைஷு திரும்பிப் பார்த்தாள். "அப்படியா பெரியம்மா?"

மடம் முழுவதும் மன்னியைப் பார்த்தது. நானும் பார்த்தேன். சொல்லுங்கள், இங்கேயே என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு கணம் கெஞ்சினேன். அவர் சொல்லக்கூடாதே என்றும் கெஞ்சினேன்.

"டீச்சர் சொன்னா எழுதிக்கணும்," என்றார் மன்னி. தலையைக் குனிந்து, தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். ஷட்ஜம் என்றால் மற்ற ஆறு ஸ்வரங்களும் பிறக்கும் இடம் என்று போட்டிருந்தது. தாய் ஸ்வரம். மன்னிக்கு இது தெரியாமல் இருக்குமா? அப்படியானால் ஏன் எழுதினார்? என்னைக் காப்பாற்றவா, தண்டிக்கவா? உங்களுக்கு ஏதாவது புரிகிறதா... எனக்குப் புரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாரதா மாமிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான்.

"என்ன மோளே?" என்றார் மாமி.

"மடத்துச் சாவி யார்கிட்ட இருக்கு மாமி?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

சமையலறையிலிருந்து மன்னியின் குரல் வந்தது. "நாளைக்கு கிளாஸுக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்டீ?"

"மூணரைக்கு மன்னி," என்றேன்.