ஒன்று புள்ளி நான்கு ஆறு எட்டு

நெட் வராவிட்டால் திட்டு வாங்குவதும், வந்துவிட்டால் மறக்கப்படுவதும்தான் நம் தொழில். கம்பத்தில் ஏறியிறங்கும் உங்களுக்குத் தெரியாததா!

கை வைக்காதே

பிளஸ் டூ முடித்ததும் குமாரபாளையத்தில் ஒரு நெட் கம்பெனியில் சேர்ந்தேன். சீனியர் முருகேசண்ணன். மூக்கடைத்த மாதிரி ஆரம்பித்து ‘ஏனுங்க’வில் இழுக்கும் அவர் குரல் எனக்கு இரண்டே நாளில் அத்துப்படி.

அவரிடம் ஒரு மெஷின் உண்டு. கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து எத்தனையாவது மீட்டரில் இழை ஒடிந்திருக்கிறது என்று சொல்லும். வெற்றிடத்தில் பறக்கும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்துக்கு. வெற்றிட வேகத்தை வகுக்கும் அந்தக் கணக்குக்காக மெஷினில் 1.468 என்று போட்டு வைத்திருப்பார். “எதை வேணா நோண்டு சாமி, அந்த நம்பர்ல மட்டும் கை வெக்காத.”

கை வைத்தேன்

ஒருநாள் காலை அவர் டீக்குப் போன நேரத்தில் 1 என்று மாற்றினேன். அதாவது வெற்றிடம். ஆபீஸில் இருக்கும் ஒரு கிலோமீட்டர் கேபிள் சுருளைச் சோதிக்கும்போது ஒன்றரை என்று காட்டும், திருதிருவென்று விழிப்பார், சிரிக்கலாம். ஆனால் சோதிக்கும் முன்பே புகார் வந்து, நேராக லைனுக்குக் கிளம்பிவிட்டார். மெஷின் காட்டிய இடத்தில் கம்பமேறி, கேபிளைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் கீழே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஏறும்போது அவர் கொடுத்திருந்த போன் என் கையில் அடித்தது. புகார் கொடுத்த கவிதாக்கா. பதினோரு மணிக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ. சுற்றிலும் தறிக்கூடத் தகரம், செல்போன் சிக்னல் நிற்காது. பவானியில் சித்தி வீட்டுக்குப் போய்விடட்டுமா என்றார். அண்ணன் குரலிலேயே எடுத்துவிட்டேன்: “ஏனுங்க, அரை மணி நேரத்துல வந்துடுமுங்க, எங்கயும் போவாதீங்க.”

“சரிங்கண்ணா, உங்க வார்த்தைய நம்பி ஊட்டுலயே இருக்கேனுங்க.”

ஒப்புக்கொண்டேன்

நாலாவது கம்பத்திலும் ஒடிந்த இடம் கிடைக்கவில்லை. அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை, நம்பரை மாற்றினார். அரை கிலோமீட்டர் பின்னால் இருந்தது ஒடிந்த இடம். இணைத்து முடிக்கையில் மணி பதினொன்று நாற்பது.

கவிதாக்கா இஸ்திரி போட்ட சேலையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். போனில் பேசியது அண்ணன் இல்லை, நான்தான் என்றேன். லேப்டாப்பை மூடினார்.

“அச்சு அசலா அவராட்டமே பேசுனீங்க தம்பி. இனி அவரே கூப்புட்டுச் சொன்னாலும் நான் எப்பிடிங்க நம்பறது?”

கண்ணாடி வெளிச்சத்தைக் கொஞ்சம்தான் மெதுவாக்குகிறது. உண்மையை நாலு கம்பம் தாமதமாக்க நான் ஒருத்தன் போதுமாக இருந்தேன்.