ஷேர்லியின் அம்மாவுக்கு ஒரு கட்டில்

முதியோர் இல்லத்தில் கஞ்சி ஊட்டும்போது ஷேர்லி தன் வாயையும் சேர்த்துத் திறப்பாள். எதிரே இருக்கும் கிழவர் திறக்கிறாரோ இல்லையோ, இவள் வாய் கரண்டியோடு திறந்து கரண்டியோடு மூடும். "உங்களுக்கு ஊட்டி ஊட்டி எனக்குத் தாடை வலிக்குது அப்பச்சா. ஒரு வாய் முழுங்குங்க, ரெண்டு பேருக்கும் ஓய்வு" என்பாள். கை மட்டும்தான் அங்கே. காது, சுடிதார் பையில் கிடக்கும் கைபேசியில் இருக்கும்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. படுத்திருப்பவரைப் புரட்டுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். தோளில் தொங்கும் பை ஒரு பக்கமாக இழுக்கும். அதற்குள் வீட்டு கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் இருக்கிறது. அம்மா மறியக்குட்டிக்கு ஞாபகம் மங்கிவிட்டது. அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடுவாள். அதனால் ஷேர்லி ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

"என்ன சேச்சி, அடுப்பு வந்துடுச்சா?" என்று சமையற்காரி பிந்து தினமும் கேட்பாள்.

"வந்துடுச்சு. அம்மாதான் இன்னும் வரல."

அம்மா வருவதாகத்தான் பேச்சு. குவைத்தில் சம்பாதித்துத் திரும்பிய குரியச்சன், கோழஞ்சேரியில் இந்த முதியோர் இல்லத்தைத் தொடங்கியபோது, ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலய முற்றத்தில் ஷேர்லியை நிறுத்தினார். "ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு வா. உங்கம்மாவுக்கும் இங்கயே ஒரு கட்டில். உன் கண் முன்னாடியே இருக்கட்டும்." பக்கத்தில் நின்ற பாதிரியார் தலையாட்டினார். அந்த முற்றத்தில் கொடுத்த வாக்கை யாரும் எழுத்தில் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஞாயிறு முகத்தில் விழிக்க முடியாது. ஷேர்லியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு மறு வாரமே வேறு ஆள் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு காலியான முதல் கட்டில் குரியச்சன் மனைவியின் பெரியம்மாவுக்குப் போயிற்று. அடுத்தது, அமெரிக்காவிலிருந்து மகன் போன் செய்து இடம் கேட்ட ஒரு வாத்தியாருக்கு. இப்போதெல்லாம் யாருக்காவது மூச்சு இழுத்தால் ஷேர்லியின் மனம் முதலில் கட்டிலைத்தான் பார்க்கிறது. பார்த்ததும் தன்னையே திட்டிக்கொண்டு, அந்த ஆளின் முதுகுக்கு இன்னொரு முறை பவுடர் போடுவாள்.

மறியக்குட்டியைப் பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு ரத்னம்மா. போன வாரம் பம்பை ஆற்றின் படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் நின்றவளைக் கரையேற்றியதும் அவள்தான். வெள்ளிக்கிழமை ரத்னம்மா வேலியோரம் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதே ஷேர்லி. மங்களூர்ல மகளுக்குப் பிரசவம். திங்கக்கிழமை காலைல கிளம்பறேன்."

"கோவம் என்ன சேச்சி. இவ்வளவு நாள் பாத்தீங்களே."

அன்றிரவு ஷேர்லி தூங்கவில்லை. பூட்டிவிட்டுப் போகலாம், தீப்பிடித்தால் யார் திறப்பது? திறந்துவிட்டுப் போகலாம்; ஆறு கூப்பிடு தூரம்.

சனிக்கிழமை, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த தொம்மன் அப்பச்சன் போய்ச் சேர்ந்தார். ஷேர்லியே அவரைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, மெத்தையைக் கழுவி வெயிலில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு குரியச்சன் அறைக்குப் போனாள்.

"சார், கட்டில் காலியாயிருக்கு."

"தெரியும். அது ஜன்னல் கட்டிலாச்சே, ஷேர்லி. காத்து வர்ற இடம் வேணும்னு ஏற்கெனவே கேட்டு வச்சிருக்காங்க. திங்கக்கிழமை காலைல வராங்க."

"எங்கம்மாவுக்குக் காத்து ஆகாதா சார்?"

"குத்தலாப் பேசாதே. தர மாட்டேன்னா சொன்னேன்? அடுத்தது உங்கம்மாவுக்குத்தான்."

"இதுக்கு முன்னாடியும் அடுத்ததுதான் சார்."

"அதுவரைக்கும் கர்த்தர் பாத்துக்குவார்."

"போன வாரம் ரத்னம்மா சேச்சிதான் பாத்துக்கிட்டாங்க. அவங்க மங்களூர் போறாங்க."

குரியச்சன் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஷேர்லி அம்மாவோடு வந்து இறங்கினாள். மறியக்குட்டி வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தியிருந்தாள். தேவாலயத்துக்குப் போவதாக நினைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"சேச்சி, சார் கொன்னுடுவார்" என்றாள் பிந்து.

"அம்மாவுக்குக் கஞ்சியில உப்பு கம்மியாப் போடு. பிரஷர் இருக்கு."

ஜன்னல் கட்டிலில் புது விரிப்பை இழுத்துச் செருகி, அம்மாவைப் படுக்க வைத்துக் காலைத் துடைத்தாள். மறியக்குட்டி வெளியே தென்னைகளைப் பார்த்து, "ஆராதனைக்கு அச்சன் இன்னும் வரலையாடீ?" என்று கேட்டாள்.

முற்றத்தில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். குரியச்சன் புது ஆட்களை அழைத்துக்கொண்டு, "இதுதாங்க நான் சொன்ன ஜன்னல் பக்கம்" என்றபடி நுழைந்தவர், வாசற்படியிலேயே நின்றார்.

ஷேர்லி திரும்பவில்லை. குனிந்து, கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி நிறுத்தித் தாழைப் போட்டாள்.