வாளை மறைந்த தேதி

தினசரி காலண்டர் தாளின் அடியில் மூன்று பொடி வரிகள் இருக்குமே, இந்த நாளில் பிறந்தவர், மறைந்தவர், நடந்தது என்று, அவற்றை எழுதுவது என் அக்கா. அதற்கென்று ஒரு ஆள் உண்டு என்றுகூட நிறையப் பேருக்குத் தோன்றியிருக்காது. காலையில் தாளைக் கிழித்து, கசக்கிப் போட்டுவிட்டுப் பல் விளக்கப் போகிறவர்கள்தானே நாமெல்லாம்.

இருபத்தொரு வயதில் புரூஃப் பார்க்கும் வேலைக்கு என்றுதான் அந்த அச்சகத்தில் சேர்ந்தாள். முதலாளியின் அப்பா பழைய செய்தித்தாள்களைப் பார்த்துக் குறித்துவைத்த துண்டுச் சீட்டுகள் பதினெட்டு செருப்புப் பெட்டிகளில் கிடந்தன. குப்பையில் போடப் போன முதலாளியைத் தடுத்து, பெட்டிகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாளாம். அன்றிலிருந்து வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அவள் பொறுப்பு.

சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமாடா?"

"செவ்வாய்க்கிழமை."

"போடா. நம்ம ஊர்ல முதல் தெருவிளக்கு எரிஞ்ச நாள்! மொத்த ஊரும் கம்பத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துட்டே இருந்துச்சாம்!"

சொல்லும்போது அவள் கண்கள் இரண்டும் தெருவிளக்காகவே எரியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அத்தான், "உங்க அக்காவுக்கு எந்த நாளும் வெறும் நாள் இல்ல தம்பி, நான் பொறந்த நாளைத் தவிர" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

இருபத்தைந்து வருஷத்தில் அக்கா ஒரு எழுத்துப்பிழை விட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது. அப்படிப்பட்டவள்தான் ஒரு ஆளின் உயிரையே எடுத்துவிட்டாள்.

ஜூலை கடைசி வாரம். எனக்கு அன்று விடுமுறை. நான் ஃபெர்ரியில் டிக்கெட் கொடுக்கிறவன். அக்கா மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அச்சகத்துக்குப் போயிருந்தேன். அப்போது வாசல் கதவில் தலை இடிக்காமல் குனிந்து ஒரு பெண்மணி உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ஒல்லியாக, நீளமாக, ஒரு கன்னம் மட்டும் பந்துபோல வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. நேராக வந்து அக்காவின் மேஜையில் ஒரு காலண்டர் தாளை வைத்தார். ஆகஸ்ட் பத்தொன்பது.

"இது யாரு எழுழினது?" பஞ்சில் வார்த்தை குழறியது.

"நான்தாங்க. என்ன விஷயம்?"

"இதுல செத்துப்போனது நான்."

தாளில் நடு வரி இப்படி இருந்தது: 'மறைவு: நீச்சல் வீராங்கனை வாளை.' பக்கத்தில் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஆண்டு.

பல் பிடுங்கிய டாக்டரின் உதவியாளர், மறுபடி வர வேண்டிய தேதியைப் பார்ப்பதற்காகச் சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டியிருக்கிறார். "பத்தொன்பதாம் தேதி வாங்க" என்றபோது இந்த அம்மா எட்டிப் பார்த்து, அந்தத் தாளையே கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். வாளை மீனைப் போல நீந்துகிறார் என்று பத்திரிகைகள் ஒரு காலத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் வாளை.

அக்கா எழுந்து ஓடினாள். செருப்புப் பெட்டிகளைக் குடைந்து மூலச் சீட்டை எடுத்தாள். பழைய பேனா மையில் இருந்தது: 'ஆகஸ்ட் 19. நீச்சல் வீராங்கனை வாளை அக்கரை சேர்ந்தார்.'

"அய்யோ," என்றாள் அக்கா. "சேர்ந்துட்டீங்கன்னு போட்டிருக்கு. நான் போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

முதலாளி உள்ளே இருந்து ஓடிவந்து, அச்சுக்கோத்தவர் பிழை, மிஷின் பிழை என்று ஏதேதோ அடுக்கினார். அக்கா குறுக்கே கையை நீட்டினாள். "இல்லைங்க. பிழை என்னுது. மரியாதையா சாவைச் சொல்லியிருக்காங்கன்னு நானா முடிவு பண்ணி மறைவுன்னு மாத்தினேன். திட்டுங்க, கேட்டுக்கறேன்."

அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் சிரிப்பு! பஞ்சு கீழே விழுந்து உருண்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா செத்துக் கெடக்கேன், ஒருத்தர்கூட சொல்லலையே! என் பொண்ணுக்கு முப்பத்திமூணு வயசு. அப்போ அவளை யாரு பெத்தது?"

நீரிணையை ஒன்பது மணி நேரத்தில் நீந்திக் கடந்தவர் அவர். கரையேறியபோது பூங்கொத்தோடு நின்ற கூட்டம் அடுத்த வருஷமே மறந்துவிட்டது. பிறகு குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் முப்பது வருஷம். "குழாயில தண்ணி வரலைன்னு கேட்டுக் கேட்டே தண்ணி மேலிருந்த ஆசை போயிடுச்சு" என்றார். சட்டென்று சிரிப்பை நிறுத்தி அக்காவைப் பார்த்தார்.

"இந்தக் காலண்டர் எத்தனை வீட்ல தொங்குது?"

"ரெண்டு லட்சம்."

"அத்தனை பேரும் அன்னைக்கு இந்தத் தாளைக் கிழிப்பாங்க?"

"கிழிப்பாங்க."

"அப்போ அன்னைக்கே நான் தண்ணில எறங்கறேன். துறைமுகத்துக் கீழ்ப் படித்துறையில இருந்து எதிர்க்கரை. நாலு கிலோமீட்டர். நீ கூட வரணும். கொன்னது நீதானே?"

அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. என் ஃபெர்ரியில்கூட நடுவில் இருக்கிற கம்பியைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். ஆனாலும், "வர்றேங்க" என்றாள். அன்று மாலை விஷயத்தைக் கேட்ட அத்தான், "பழியை என் லென்ஸ் மேல மட்டும் போட்டுடாதே" என்றார்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. விடிந்ததும் அக்கா நகர நீச்சல் குளத்துக்கு ஓடுவாள். வாளை நீந்துகிற ஒவ்வொரு சுற்றுக்கும் புரூஃப் தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். இருபது சுற்றில் தொடங்கியது நாற்பதாகி, எண்பதானது. இருதய டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இவங்க என்னைவிட நல்லா இருக்காங்க" என்று எழுதிக் கொடுத்தார். நான் துறைமுக அலுவலகத்தில் படி ஏறி இறங்கி அனுமதி வாங்கினேன், கூடவே போக ஒரு துடுப்புப் படகும் ஏற்பாடு செய்தேன்.

வாளையின் மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அம்மா, உனக்கு அறுபத்துநாலு வயசு!"

"கேலண்டர் கணக்குல இருபத்தாறுலயே நின்னுடுச்சு" என்றார் வாளை.

கடைசியில் மகள், "அப்படின்னா படகுல நானும் இருப்பேன்" என்று இறங்கிவந்தாள்.

எங்கள் ஊர் வானொலியில் காலை ஏழு மணிக்கு அந்தக் காலண்டர் வரிகளைத்தான் படிப்பார்கள். அக்கா முன்கூட்டியே போய் அறிவிப்பாளரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பத்தொன்பதாம் தேதி காலையில் படகில் துடுப்பைப் பொருத்திக்கொண்டே கேட்டேன். "இந்த நாளில் மறைந்தவர், நீச்சல் வீராங்கனை வாளை. நேயர்களே, மறைந்தவர் இப்போது கீழ்ப் படித்துறையில் உடம்பில் வாசலின் பூசிக்கொண்டிருக்கிறார்! எட்டு மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறார்!"

அரை மணி நேரத்தில் படித்துறை கொள்ளவில்லை. அலுவலகம் போகிறவர்கள், ரொட்டிக் கடைக்காரர், சீருடைப் பிள்ளைகள், பாதிப் பேர் கையில் கிழித்த தாள். ஒருவர் வாளையிடமே போய், "நீங்க நெஜமாவே இருக்கீங்களா?" என்று கேட்டார். "தொட்டுப் பாத்துக்கங்க" என்று வழுக்குகிற கையை நீட்டினார் அவர்.

எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஒரே பாய்ச்சல். அந்த வயதில் அப்படி ஒரு நேர்க்கோடு! தண்ணீர் தெறிக்கவே இல்லை. படித்துறை மொத்தமும் கத்தியது. பக்கத்திலேயே என் படகு. முன்னால் மகள், நடுவில் மிதவைச் சட்டையும் கைக்கடிகாரமும் சிலேட்டுமாக அக்கா. படகின் விளிம்பை அவள் பிடித்த பிடியில் விரல் முட்டி எல்லாம் வெளுத்திருந்தது.

முதல் கிலோமீட்டர் இருபத்தாறு நிமிடம். இரண்டாவது இருபத்தொன்பது. நீண்ட கழியில் கட்டிய குப்பியில் மகள் குளுக்கோஸ் தண்ணீர் நீட்ட, மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டு மறுபடி கவிழ்ந்தார். எதிரே எங்கள் ஃபெர்ரி வந்தது. அலை அடிக்கக் கூடாதென்று அதை ஓட்டுகிற சாரங்கு என்ஜினை நிறுத்தினார். பயணிகள் அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடிவர, ஃபெர்ரி சாய்ந்தது. "பாதிப் பேர் அந்தப் பக்கம் போங்கய்யா! வாளைக்கு முன்னாடி நாம முழுகிடுவோம்!" என்று அவர் கத்தியது எங்கள் வரைக்கும் கேட்டது.

மூன்றாவது கிலோமீட்டர் முடியும் இடத்தில் நீரோட்டம் திரும்பியது. வாளையின் கை வீச்சு குறைந்தது. திடீரென்று முகம் சுருங்க மல்லாந்தார். வலது கெண்டைக்காலில் தசைப் பிடிப்பு.

"போதும்மா, ஏறிடு!" மகள் கை நீட்டினாள்.

"தொடாதே! படகைத் தொட்டா கணக்குல சேராது!"

எதிர்க்கரையின் கற்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நீரோட்டமோ அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்கிறது. எனக்கு உள்ளங்கை வேர்த்துத் துடுப்பு நழுவியது. அக்கா விளிம்பை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்! ஆடுகிற படகில், தண்ணீரைப் பார்த்தாலே மயங்குகிறவள்.

"நான் என்ன பண்ணணும், சொல்லுங்க!"

"பேசு! வலியை மறக்கணும். ஏதாவது பேசிட்டே இரு!"

அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தாள்.

"இதே ஆகஸ்ட் பத்தொன்பதுலதான் இந்தத் துறைமுகத்துக்கு முதல் கப்பல் வந்துச்சு! அதுல ஒரே ஒரு பயணி! அவனும் தப்பான கப்பல்ல ஏறினவன்! இதே நாள்ல மணிக்கூண்டுக் கடிகாரம் செஞ்சவர் பொறந்தார், பத்தாவது மாசம் தாண்டியும் பொறக்காம அவங்க அம்மாவைக் காக்க வெச்சவர்! இதே நாள்ல தீயணைப்பு வண்டி தீப்பிடிச்சு எரிஞ்சுச்சு!"

வாளையிடமிருந்து ஒரு சிரிப்பு, ஒரு வாய் உப்புத் தண்ணீர், ஒரு துப்பல். காலை மடக்கி நீட்டினார். கவிழ்ந்தார். ஒரு கை. இன்னொரு கை.

"நிறுத்தாதே!"

"பத்தொன்பது தீர்ந்துபோச்சுங்க!"

"இருபதுக்குப் போ!"

அக்கா இருபதாம் தேதிக்குப் போனாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று பிறப்பும் இறப்பும் வெள்ளமும் திறப்புவிழாவும் கொட்டிக்கொண்டே இருந்தாள். நான் நாள் நாளாகத் துடுப்புப் போட்டேன். அவள் செப்டம்பர் மூன்றில் இருந்தபோது வாளையின் கை எதிர்க்கரைக் கல்லைத் தொட்டது.

இரண்டு மணி நான்கு நிமிடம். சிலேட்டில் எழுதப் போன அக்காவின் கையிலிருந்து சாக்பீஸ் இரண்டு துண்டாகி விழுந்தது. மகள் படகு நிற்பதற்குள் குதித்து ஓடி அம்மாவைத் துண்டோடு கட்டிக்கொண்டாள். வானொலிக்காரர் அக்கரையில் கூடியிருந்த கூட்டத்தை முட்டிக்கொண்டு வந்து, கிடைத்த ஆள் வாயில் ஒலிவாங்கியை நீட்டினார். அது என் அக்கா.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

குரல் கட்டிப்போய்க் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல அக்கா சொன்னாள்: "நான்தான் இவங்களைக் கொன்னது."

ஊரே கேட்டுச் சிரித்தது. முதலாளிகூட மறுநாள் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க காலண்டர்தான்" என்று மார் தட்டினார். அந்த வருஷத்துக்குப் பிறகு அக்கா யாரையும் விசாரிக்காமல் மறைய விடுவதில்லை. ஃபோன் போட்டு, "அய்யா நல்லா இருக்காரா?" என்று மெதுவாக ஆரம்பிப்பாள். இரண்டு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வீட்டில் அந்த அய்யாவே ஃபோனை எடுத்தார்.

நீந்தி முடித்த அன்று நாங்கள் திரும்பி வந்தது எங்கள் ஃபெர்ரியில்தான். வாளை மகளின் மடியில் தலைவைத்து, வாயைத் திறந்தபடி தூங்கினார். அத்தான் படித்துறையில் காத்திருக்கிறார் என்று நான் சொன்னது அக்காவின் காதில் விழவில்லை. கம்பியும் பிடிக்காமல் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கி, வராத குரலில், தெரியாத பயணிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு மணி நாலு நிமிஷம்! நான் பாத்தேன்! இந்தக் கண்ணால பாத்தேன்!"