ஆனைக்கல் மேட்டில் சிட்டுவின் சைக்கிள்

சிட்டு, ஆனைக்கல் மேட்டுக்குப் போயிட்டு வந்தேன்டி. உன் சைக்கிளில்.

படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியை என் தங்கச்சிக்கு எழுதாமல் எனக்குக் கை நகரவில்லை. மற்றதெல்லாம் உங்களுக்குத்தான். ஈப்போவிலிருந்து பழைய தோட்டத்துப் பாதை வழியாகக் கோப்பெங் வரை இரும்புச் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

சிட்டு என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஒரு தலை உயரம். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் போய்விட்டாள். ஆனைக்கல் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். வெட்டு முடிந்ததும் கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளியைக் கட்டி, நடுவில் என்னை உட்கார வைத்து, அவள் மிதிப்பாள். பால் நிறுக்கிற ஸ்டோர் மேட்டுக்கு அந்தப் பக்கம். ஆம்பளைகளே அந்த மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். சிட்டு இறங்க மாட்டாள். "கனக்குதாடி?" என்று கேட்டால், "நீ ஒரு கோழிக்குஞ்சு, பேசாம உக்காரு" என்பாள். அதனால் எனக்குச் சைக்கிள் ஓட்டவே வரவில்லை. தேவைப்படவில்லை.

தோட்டத்தை விற்ற பிறகு ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தோம். அவள் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள், நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தேன். சைக்கிளை அவள் விடவில்லை. பழைய சைக்கிள்காரர்கள் கூட்டம் ஒன்றில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள். அவர்கள் அந்தக் காலத்து உடுப்பிலேயே ஓட்டுவார்கள். மலாய்க்காரர்கள் சொங்கோக் தொப்பி, பழைய போலீஸ் அரைக்கால் சட்டை. சிட்டு மட்டும் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, நெற்றியில் பால் வெட்டு விளக்கு. ஒரு தடவை ஆனைக்கல் வழியாகப் போகலாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம் அந்தப் பாதையை வைத்தார்கள். ஆள்தான் இல்லை.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. பழைய டவுனில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய சாமான். அந்தக் கடைக்காரர் சிட்டுவின் சைக்கிளைக் கேட்டார். சிட்டுவின் மகள் கவிதா கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். சைக்கிள் வைக்க இடமில்லை.

"பெரியம்மா, ஓடாத சைக்கிள் துருதான் பிடிக்கும். அங்க நல்லா தொடச்சு, லைட் போட்டு மாட்டுவாங்க லா. அம்மாவ நாலு பேரு பாப்பாங்க."

"உங்கம்மா செவத்துல தொங்குற ஆளாடி?"

"அப்ப யாரு ஓட்டுவா?"

வாய் முந்திக்கொண்டது. "நான்தான். கோப்பெங் வரைக்கும். ஆனைக்கல் மேட்ட உங்கம்மா மாதிரி கால் ஊனாம ஏறிக் காட்டுறேன். ஏறலன்னா செவத்துல மாட்டிக்கோ."

கவிதா சிரிக்கவில்லை. "சரி" என்றாள். அவள் அம்மா மாதிரிதான், சொன்னால் சொன்னது.

அறுபத்தொரு வயதில் சைக்கிள் கற்றுக்கொள்வதைப் பற்றித் தனியாக எழுதலாம். சந்தைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் மூன்று மாதம். இது ஆம்பளைச் சைக்கிள், நடுவில் கம்பி. சீட்டை எவ்வளவு இறக்கியும் எனக்குக் கால் எட்டவில்லை. ஒரு வாரக் கடைசியில் கவிதா வந்து, பெடலில் மரக்கட்டை வைத்து டயர் ரப்பரால் இறுக்கிக் கட்டினாள். முட்டிக் காலில் தோல் இல்லாமல் போனது. மீன் விற்கிறவர் தினமும், "அக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம் விழப் போறீங்க?" என்று கேட்பார். ஒரு நாள் விழாமல் அவர் கடையைச் சுற்றி வந்து, "அரைக் கிலோ கெம்போங் போடு" என்றேன். அவர் கை தட்டினார். மீனுக்குக் காசு குறைக்கவில்லை.

பயண நாள் ஒரு ஞாயிறு. காலை ஏழு மணிக்கு ஈப்போ ரயில் நிலையத்துக்கு முன்னால் கூடினோம், நாற்பது சைக்கிள் இருக்கும். கவிதாவும் ஒரு இரவல் சைக்கிளோடு வந்திருந்தாள். கட்டணம் இருபத்தைந்து வெள்ளி. மதியச் சாப்பாடும் சட்டையும் அதில் அடங்கும். சட்டையை நான் பைக்குள் வைத்துவிட்டேன். சிட்டுவின் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும்தான் போட்டிருந்தேன். கை இரண்டு மடிப்பு மடித்தும் நீளம்.

இரண்டு பேரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் லியோங் அங்கிள், எழுபத்து நான்கு வயது. ஆனைக்கல் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து மறு கையால் மவுத் ஆர்கன் வாசிப்பார். இன்னொருவர் ரவி. மூக்கு நீண்ட பழைய லோரி வைத்திருக்கிறார், நான் வயதுக்கு வந்தபோது ஓடிய மாதிரி லோரி. தண்ணீர், உதிரிச் சாமான், முடியாதவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கடைசியில் வருவது அவர் வேலை.

"அக்கா, லோரி பின்னாலயே வருது. மூச்சு வாங்குனா கைய மட்டும் தூக்குங்க. மூட்ட மாதிரி தூக்கிப் போட்டுர்றேன்."

"உன் லோரி மொதல்ல மேடு ஏறுதான்னு பாரு தம்பி."

முதல் ஒன்பது கிலோமீட்டர் சமதரை, சிம்பாங் பூலாய் வரை. ஞாயிறு காலையிலும் கல் லோரிகள் போகும், ஓரமாக ஒட்டிப் போங்கள். இடது பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வரும். முன்னால் லியோங் அங்கிள் ஒரு பழைய மலாய்ப் பாட்டு வாசிக்க, ஆளாளுக்கு மணி அடித்துத் தாளம் போட்டார்கள். நான் அடிக்கவில்லை. மணி அடிக்க ஒரு விரலை எடுத்தால் விழுந்துவிடுவேன் என்று பயம்.

சிம்பாங் பூலாயில் தோசை சாப்பிட நின்றோம். தோசை, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ சேர்த்து ஐந்து வெள்ளி ஐம்பது காசு. ஒரே ஒரு தோசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று சாப்பிட்ட ஒருவர் அடுத்த நிறுத்தத்தில் லோரிக்குள் படுத்திருந்தார்.

அங்கிருந்து பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஆறு கிலோமீட்டரில் ஆனைக்கல். பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு கார். நான் அழுவேன் என்று கவிதா நினைத்திருப்பாள் போல, பக்கத்திலேயே ஓட்டி வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மேடு அங்கேயே இருந்தது. அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. தார் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு அங்குலம்கூடக் குறைக்கவில்லை.

மேட்டின் அடியில் வந்தபோதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. பாதி மேட்டில் முனியாண்டி கோயில். அந்தக் கோயிலுக்கு முன்னால் யாரும் வண்டியில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணிகூட மோட்டார் சைக்கிளை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். சிட்டு இறங்கினால் அந்த ஏற்றத்தில் மறுபடி ஏற முடியாது. அதனால் கோயில் வந்ததும் நான் கேரியரிலிருந்து குதித்துக் கும்பிட்டுவிட்டு, ஓடிப் போய்த் தொற்றிக்கொள்வேன். ரெண்டு பேரில் ஒருத்தி இறங்கினால் சாமிக்குப் போதும் என்பது சிட்டு போட்ட சட்டம். சாமியும் ஒன்றும் சொன்னதில்லை.

இப்போது நான் ஒருத்தி. இறங்கினால் சைக்கிள் சுவருக்குப் போகும். இறங்காமல் முனியாண்டியைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. வருஷக்கணக்காக இறங்குவதே வேலையாக இருந்தவளுக்கு, மிதிக்கிறவள் கதி என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை. பந்தயம் கட்டும்போது கோயில் ஞாபகத்துக்கே வரவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. பின்னால் 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். ரவியின் லோரி மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள்.

"மூட்டைய யாரு தூக்குறது இப்ப?" என்றேன்.

"அக்கா, மானத்த வாங்காதீங்க லா!" ரவி இறங்கினார். லோரி ஆறுகிற வரை வேலை இல்லை. கோப்பெங்கில் அடிக்க வைத்திருந்த தப்பை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அடி என் முட்டியில் இறங்கியது. ஓர் அடிக்கு ஒரு மிதி. சாமி விஷயம் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று கிளம்பினேன்.

முதல் பாதி எப்படிப் போனது என்று தெரியவில்லை. வாயில் இரும்பு ருசி. மரக்கட்டை கிறீச் கிறீச் என்றது. கவிதா இறங்கித் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவளாலேயே ஏற முடியவில்லை. சூலம் கண்ணில் பட்டது. உடனே என் இடது கால் தானாகப் பெடலை விட்டு எழும்பியது. குதிக்கப் போய்விட்டேன். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது.

"எறங்காத! எறங்காத!" பின்னால் லியோங் அங்கிளின் குரல். "நான் எறங்கிட்டேன்! நீ போ! ஒரு ஆளு போதும், எனக்குத் தெரியாதா? எங்கப்பா கடையில நின்னு தெனம் பாத்தேனே! போ லா!"

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்திருப்பேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கோயில் முன்னால் நின்று கும்பிட்டார் என்று கவிதா பிறகு சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றினாராம். என் கால் பெடலில் வந்து விழுந்தது. "முனியாண்டி, ஒருத்தர் இறங்கியாச்சு, கணக்கு சரி" என்று வாய்விட்டே சொன்னேன். கீழே தப்புச் சத்தம் இன்னும் கேட்டது.

உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. அங்கே முதல் தடவையாக விரலை எடுத்து மணி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். கீழே நாற்பது மணியும் பதிலுக்கு அடித்தன. லோரியில் படுத்திருந்த, மூன்று தோசை சாப்பிட்டவரும் எழுந்து ஹாரனை அமுக்கினாராம். கவிதா மூச்சு வாங்க மேலே வந்து, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"கடக்காரருக்கு என்ன சொல்ல பெரியம்மா?"

"வேணும்னா ஒரு போட்டோ கொடு. மாட்டிக்கட்டும்."

அங்கிருந்து கோப்பெங் பதினொரு கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். கடைவீதியில் ரவி மறுபடி தப்படிக்க, லியோங் அங்கிள் அதற்கு மேல் மவுத் ஆர்கனை ஏற்ற, எங்கிருந்தோ வந்த ஒரு மலாய்க்காரப் பாட்டி நடுரோட்டில் ஆடினார். நானும் ஆடினேன். கால் நடுங்கியதா ஆடினேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மொத்தம் இருபத்தாறு கிலோமீட்டர், ஏழு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், பத்துக்கு மேல் வெயில் கொல்லும். கம்பி பிரேக் ஈரத்தில் பிடிக்காது. மழை பெய்திருந்தால் மேட்டின் அந்தப் பக்கம் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், வெட்கமில்லை. ஆனைக்கல்லில் கடை இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். திரும்பி வர லோரியில் இடம் கிடைக்கும், அது சூடாகாமல் இருந்தால். தனியாகப் போகாதீர்கள். பாதி மேட்டில் உங்களுக்காக இறங்க ஒரு ஆள் வேண்டும்.

சைக்கிள் இப்போது என் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. சக்கரத்தில் ஆனைக்கல் மண் இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

சிட்டு, வெறும் கேரியரோடு ஒரே ஒரு தடவை ஏறினதுக்கே எனக்கு நெஞ்சு வெடிக்கப் பார்த்துச்சுடி. நீ என்னையும் வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் பாலையும் கட்டிக்கிட்டு, தினம் தினம் ஏறின. 'கனக்குது, இறங்கி நட'ன்னு ஒரு நாளாவது என்கிட்ட ஏன்டி சொல்லல?