மூஞ்சி இல்லாத கல்

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த புதிதில், மடக்குக் கத்தியால்தான் சவரம் செய்வேன் என்று எனக்கொரு கிறுக்கு. அதைத் தீட்ட நல்ல கல் தேடினேன். பலாமரத்தடியில் வழவழப்பாக ஒன்று கிடந்தது. எடுத்து வந்து தீட்டினேன். கத்தி கூரானது, என் கைக்குத்தான் பழக்கமில்லை. காதில் பிளாஸ்திரி.

அதைப் பார்த்த வீட்டுக்காரர், "குடுங்க சார், நான் சேவிங் பண்ணி உடறேன்" என்றார்.

பாதி முகம் முடிந்து கத்தி தொண்டைக்கு வந்தபோது, ஜன்னலில் இருந்த கல்லைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"ஏனுங்க சார், இத எங்க எடுத்தீங்க?"

"பலாமரத்தடியிலங்க." எச்சில் விழுங்கவும் பயம்.

"பக்கத்துல வெளக்கு இருந்துச்சுங்களா?"

இருந்தது. கல்லில் மஞ்சள்கூட இருந்தது. கறை என்று நினைத்து சோப்புப் போட்டுக் கழுவிய மேதை நான்.

"அது எங்க புள்ளையாருங்க."

வெளியே மூடுபனி. அவர் கத்தியை என் தொண்டையிலிருந்து எடுத்துத் துடைத்து மடக்கினார்.

"நீங்களே கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க. மிச்சத்த அப்பறம் பாக்கலாம்."

"பாதி மூஞ்சியோடவா?"

"எங்க சாமிக்கு மூஞ்சியே இல்லீங்க. ஒண்ணும் சொல்லாது."

சோப்பு நுரையோடு நடந்தேன். வாசல்களில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கல்லைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து யாரும் சிரிக்காதது அன்றுதான் முதல்முறை.

திரும்பி வந்து, அதே கத்திக்குக் கழுத்தை நீட்டினேன். ஒரு கீறல்கூட விழவில்லை.

இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் 'கிடக்கிறது' என்று சொல்ல வாய் வருவதில்லை. யாராவது வைத்திருப்பார்கள்.