வடிகஞ்சி ஊற்றிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அப்போது ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்த சிலருக்கு, பன்றியையும் வௌவாலையும் விரட்டுவதற்கென்று லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். எண்பதுகளின் கடைசி அது. மலையைச் சாம்பல் அணில்களுக்கான சரணாலயம் ஆக்கிய புதிது. வேலியைத் தாண்டிச் சுட்டால் வனத்துறைக்காரர்கள் வந்து நிற்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட பன்றிகள் எங்கள் பாடு.

எங்களுடையது தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய வகை. நிறுத்தி வைத்தால் அப்பாவின் தோளுக்கு வரும். அப்பா மருந்து கெட்டிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். முதலில் மருந்து. அதன்மேல் தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்து, கம்பி துள்ளி எழும்பும்வரை இடிக்க வேண்டும். பிறகு ரவை, கடுகு மாதிரி ஈயப் பொடிக்குண்டுகள். அதன்மேல் மறுபடியும் நார். இதெல்லாம் முடிந்தாலும் துப்பாக்கி வெடிக்காது. விசையை இழுத்ததும் குதிரை என்கிற சின்னச் சுத்தியல் வந்து விழுகிற மூக்கில், கேப்பு என்கிற வெடிமூடியைப் பொருத்த வேண்டும். செம்பில் செய்த குட்டித் தொப்பி மாதிரி இருக்கும். அதைச் சுடப்போகிற நேரத்தில்தான் வைக்க வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேப்பு டப்பாவை எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. நான்காம் வகுப்பில் வேறு எவளுக்கும் அப்படி ஒரு வேலை கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வௌவாலுக்கும் கிளிக்கும் ரவை போதும். பன்றி என்றால் இலந்தைப்பழம் அளவுக்கு ஒற்றை ஈயக் குண்டு. குண்டு போட்டு நான் பார்த்தது குறைவு. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தோப்புக் காவல்காரரின் தொடையைப் பன்றி கிழித்துவிட்டது. அப்போது போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் மட்டும் துப்பாக்கி விளையாட்டுச் சாமானாகிவிடும். தோப்பில் சப்பட்டை மாமரத்துக் கிளையில் கொட்டாங்கச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் குறி பார்ப்பார்கள். சித்தப்பா தவறாமல் ஜெயிப்பார். அப்பா தவறாமல் காற்றின்மேல் பழி போடுவார். சிதறிய சில்லுகளைப் பொறுக்கி வந்து காட்டுவது நான்.

அந்த விளையாட்டு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் கிணறு. தோப்பைப் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாமல் இருவருக்கும் பொதுவாக விட்டிருந்தார்கள். ஒரு நாள் அப்பா முறை, ஒரு நாள் சித்தப்பா முறை. மழை பொய்த்ததும் முறையும் பொய்த்துப் போனது. சித்தப்பா பெரிய மோட்டார் ஒன்றை இறக்கினார். அவர் முறை முடிந்து அப்பா போய் சுவிட்சைப் போட்டால் பைப்பில் வெறும் காற்றுதான் வந்தது. பேச்சு வார்த்தை நின்றது. சித்தப்பா எங்கள் தெருப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மரங்கள் பிஞ்சு பிடித்திருந்த சமயம், தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று அப்பா காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். மில்லில் மதியச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். சட்டையின் முதுகெல்லாம் சேறு. வேட்டி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. செருப்போடு வீட்டுக்குள் அவர் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னங்க ஆச்சு? விழுந்திட்டியளா?" என்று அம்மா கேட்டாள்.

"தள்ளிவிட்டான். வேலைக்காரப் பயலுக முன்னால என்னைத் தள்ளிவிட்டான். என் பைப்பக் கழத்தி வெளிய எறிஞ்சிருக்கான்."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கி மடியில் சாய்த்துக்கொண்டு மருந்து டப்பாவைத் திறந்தார். நான் வழக்கம்போல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மருந்து, நார், இடி. கம்பி துள்ளியது. பிறகும் இடித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு சுருள் நாரை வைத்து அதையும் இடித்தார். அதன்பின் ரவை டப்பாவைத் தொடாமல், துணி முடிச்சை அவிழ்த்துக் குண்டை எடுத்துப் போட்டு, அதன்மேலும் நாரை வைத்து இடித்தார்.

"பன்னியாப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா தாயி. பன்னிதான்" என்றார்.

கேப்பு டப்பாவை நான் நீட்டியபோது ஒரே ஒரு கேப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அடுப்பில் சோறு அப்போதுதான் வெந்திருந்தது. என் காதருகே குனிந்து, "என்ன போட்டாரு? ரவையா, குண்டா?" என்றாள்.

"குண்டு. பன்னி வந்திருக்காம்."

அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், சாதாரணக் குரலில் பேசினாள்.

"போறது போறிய. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. சட்டையையாவது மாத்துங்க."

அப்பா மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, "அப்பாவுக்கு வேணுங்கிறத நீ பாத்துப் போடு" என்று கரண்டியை என் கையில் கொடுத்தாள். அவள் சேற்றுச் சட்டையை எடுத்தாள், கேப்பைப் புதுச் சட்டையின் பைக்கு மாற்றினாள், எல்லாம் அப்பாவின் கண் முன்னால்தான். பிறகு போனவள் வரவில்லை.

அப்பளம் எடுக்க அடுப்படிக்குப் போனபோது கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா துப்பாக்கியைத் துணி துவைக்கிற கல்லில் சாய்த்து நிறுத்தி, குழலின் வாயில் வடிகஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு கவிழ்த்து வடித்தாள். மறுபடியும் ஊற்றினாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"ஏட்டி, அப்பாட்ட மூச்சு விடக் கூடாது. இது இன்னைக்கு வெடிக்கக் கூடாது. வெளங்குதா?"

எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். நான் அப்பளத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்து, அப்பா அதை நொறுக்கித் தின்று முடிப்பதற்குள் துப்பாக்கி பழைய இடத்தில் நின்றது. வாய் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

ஒளித்து வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஒளித்தால் அப்பா அரிவாளைத் தேடியிருப்பார். அரிவாளில் கஞ்சி ஊற்ற முடியாது. அம்மா இதை எவ்வளவு நேரத்தில் யோசித்தாள் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அப்பா துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போனதும், அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "நா போயி மாமாவக் கூட்டிட்டு வாரேன். நீ வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அத்தையின் வீட்டுக்காரர் போலீசில் இருந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு.

நான் தனியாக நின்றேன். காவல்காரரின் தொடைதான் கண்ணில் வந்தது. சதை இரண்டாகப் பிரிந்து உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்த தொடை. அப்பா பன்றிக்கு எதிரே நின்று குறி பார்க்கப் போகிறார். குதிரை விழும், வெடிக்காது. பன்றி விடுமா? அம்மா ஏன் அப்பாவைப் பன்றிக்குக் கொடுக்கிறாள்? மூச்சு விடமாட்டேன் என்று தலையாட்டியது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதோடுதான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

கால்வாய்க் கரை வழியாகப் போனால் தோப்பு பக்கம். வெயிலில் மண் கொதித்தது. மரங்களுக்குள் நுழைந்ததும் பேச்சுச் சத்தம் கேட்டது.

"சுடுண்ணே. சுடணும்னுதான வந்திருக்க. சுடு பாப்போம்."

சித்தப்பாவின் குரல். மோட்டார் ரூம் வாசலில் கையில் ஸ்பேனரோடு நின்றார். அப்பாவின் முதுகு எனக்குத் தெரிந்தது. துப்பாக்கி தோளில் ஏறியிருந்தது. குதிரை பின்னால் இழுபட்டு நின்றது. மூக்கில் கேப்பு வெயில் பட்டு மின்னியது. சித்தப்பாவுக்குப் பின்னால் ஒரு புதர். பன்றி அதற்குள்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். சித்தப்பா ஏன் விலகாமல் நடுவில் நிற்கிறார் என்று அவர்மேல் எரிச்சலாகக்கூட வந்தது.

"அப்பா, சுடாதிய! அது வெடிக்காதுப்பா! அம்மா குழல்ல கஞ்சிய ஊத்திட்டா!"

ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துத் தொங்கினேன். குழல் சாய்ந்தது. அப்பா என்னை யாரோ மாதிரி பார்த்தார்.

"என்ன ஊத்துனா?"

"வடிகஞ்சி. நீங்க சாப்பிடும்போது. பன்னி உங்கள முட்டிரும்ப்பா, வாங்க போயிருவோம்."

சித்தப்பாதான் மெதுவாக, "மதினியா ஊத்துனாக?" என்றார். அவர் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அப்பாவின் முகத்திலும் என்னவோ தளர்ந்தது. ஏமாந்த கோபமா, தப்பித்த நிம்மதியா, தெரியவில்லை. என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினார். குழலை வானத்துக்குத் தூக்கினார். வெடிக்காத துப்பாக்கியை எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல விசையை இழுத்தார்.

வெடித்தது.

அப்படி ஒரு வெடியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மேலே கிளை முறிந்து, இலையும் பிஞ்சுமாகக் கொட்டியது. காக்கைகள் கத்திக்கொண்டு எழுந்தன. வெள்ளைப் புகைக்குள் அப்பாவைக் காணோம். அத்தனை நாரையும் அத்தனை இடியையும் தாண்டிக் கஞ்சி மருந்து வரைக்கும் இறங்கவே இல்லை.

நான் கைதட்டினேன். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, அப்பாவை இனிப் பன்றி ஒன்றும் செய்யாது என்ற சந்தோஷம் எனக்கு.

புகை விலகியபோது சித்தப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் எங்கேயோ கிடந்தது. அப்பா துப்பாக்கியைச் சூடான பாத்திரத்தைப் போலக் கீழே போட்டுவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு தின்ற சோற்றையெல்லாம் வாந்தி எடுத்தார். சித்தப்பா எழுந்துபோய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளி அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டார்.

நான் புதருக்குள் எட்டிப் பார்த்தேன். "பன்னி எங்க சித்தப்பா?"

"ஓடிருச்சு தாயி" என்றார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். மாமா டியூட்டிக்குப் போய்விட்டிருந்ததால் தனியாகவே ஓடி வந்திருக்கிறாள். கால்வாய்க் கரையில் வரும்போது வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு காலில் செருப்பில்லை. தோப்பின் முதல் மரத்தைத் தாண்டி அவளால் வர முடியவில்லை. அங்கேயே நின்று அப்பாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடியும் அதே வரிசையில் பார்த்தாள்.

நான் அவளிடம் ஓடினேன். "அம்மா, வெடிச்சிருச்சும்மா! நீ ஊத்துனது உள்ளயே போகல!"

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. நான் அழுவதற்குள் என்னை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது.

எல்லோரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். துப்பாக்கியைச் சித்தப்பா தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசற்படி ஏறினார். அடுத்த வாரமே அப்பா துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் குழலில் துரு ஏறிவிட்டது என்றார். கிணற்றில் சின்ன மோட்டாரே போதும் என்று சித்தப்பா சொன்னதாகப் பின்னால் தெரிந்தது.

ஆனால் அன்று மாலை அதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணனும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறினாள். நல்ல சேதி சொன்னதற்கு அடி வாங்கிய கோபத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யாராவது சமாதானம் சொல்ல வருவார்கள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா அடுப்படியில் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்க நின்றாள். அப்பாவிடம் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அவளுக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. இனிமேல் அவள் சொன்ன பேச்சை மீறக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப் போனேன்.