பரம்பரை என்று போர்டு வைத்த சேகர்

சேகர் போய்விட்டாராம்... மாட வீதிக்குப் பின்னால் சந்தில் ஊறுகாய்க் கடை வைத்திருந்த நம்ம சேகர். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள்.

கடை போர்டில் கொட்டை எழுத்தில் ‘பரம்பரை ஊறுகாய்’ என்று இருக்கும். மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு சீசனில் அவர் கொடுத்த மாவடு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. “உப்பை ரெண்டு தரம் போட்டுட்டேளா சேகர்?” என்று கேட்டேன்.

“இன்னா மாமி, எங்கப்பா காலத்துலேர்ந்து அதே கை அளவுதான்!” என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

இரண்டு தரம்தான் போட்டிருக்கிறார்... அவருக்கு அது ஞாபகமே இல்லை என்று அவர் தம்பி பாபு பிறகு சொன்னான்.

அப்புறம் சேகருக்கு ஒரு பக்கம் கை விழுந்தது. ஸ்கேன், டெஸ்ட். மூளையில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட்டுக்கொண்டே வரும் வியாதியாம். அவர் அப்பாவுக்கு வந்த பக்கவாதமும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்களாம்.

சேகர் போர்டைக் காட்டிச் சிரித்தார். “இதையும் சேர்த்து எழுதிடலாம் மாமி. இதுவும் பரம்பரைதானாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாதியை எடுக்க முடியாது, பிரஷரையும் சிகரெட்டையும் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் தள்ளிப்போகலாம் என்றாராம் டாக்டர். அன்றோடு சிகரெட்டை விட்டார். அதற்குப் பதில் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

ஊறுகாய்க்காரர், உப்பு பார்ப்பதையே நிறுத்திவிட்டார். எல்லாம் பாபுதான் ருசி பார்ப்பான். நான் கொண்டு போகும் கோயில் புளியோதரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே ஒரு பருக்கை போட்டுக்கொள்வார். “கபாலி கோச்சிக்க மாட்டாரு மாமி. பிரஷர்தான் கோச்சிக்கும்.”

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் பக்கவாதம் மறுபடி வந்தது. பேச்சு போனது. இன்று ஆளே...

வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பாபு, கையில் சிகரெட். அவனுக்கும் அந்த வியாதி இருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியாயிற்று. அவன் போகவே இல்லை.

“நீயாவது அதை விட்டுடேன்டா பாபு.”

“அண்ணன் வுட்டாரே மாமி... இன்னா ஆச்சு?”

விடாமல் இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே வந்திருக்குமோ என்னவோ என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே சேகரைக் கிடத்தியிருக்கிறார்கள். எப்படிச் சொல்வேன்...

வீட்டுக் கணக்கு இடித்தால் எங்கே என்று கண்டுபிடிக்காமல் படுக்க மாட்டேன். அவன் கேட்ட கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருக்கிறது. புகை என் முகத்தில் படாமல் திரும்பி நின்றுகொண்டான், மரியாதைக்கு.

போய் வாருங்கள் சேகர். பாபுவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்...